நாளொன்றுக்கு எண்ணூற்று நாற்பது

ஜூன் மாதத்து முதல் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு லூர்து எலெக்ட்ரானிக்ஸின் மாடி அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேஜையின் தலைப்பக்கம் சவரிராயன். எழுபது வயது, வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். அவருக்கு வலப்புறம் மகன் ஜெபஸ்டின். பட்டறையின் அன்றாட நிர்வாகம் அவன் கையில். சுவரோர நாற்காலியில் அந்தோணிமேரி; சிப்புகளுக்குப் புரோகிராம் ஏற்றும் மேஜையைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்பவள். கதவுப் பக்கம் நர்மதா; வெண்ணந்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துபோகும் அலுவலகப் பெண். எதிர்வரிசையில் நாமக்கல் கம்பெனியின் கொள்முதல் மேலாளர் அருணகிரி. அவருக்குப் பக்கத்தில் அதே கம்பெனியில் சிப்புக்கான புரோகிராம் எழுதும் ஃபர்ம்வேர் இன்ஜினீயர் மெர்லின்.

மெர்லின், சவரிராயனின் மகள். ஆறு வருடம் கழித்து அந்த அறைக்குள் வந்திருந்தாள்.

பட்டறை இருப்பது கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால். இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், அதிலும் பாதிக்கு மேல் சவரிராயனின் மாதாகோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். மற்றவர்களின் பொருட்களுக்கு உள்ளே போகிற போர்டுகளைச் செய்துகொடுப்பதுதான் தொழில். 'சவரிராயன் தேதி சொன்னால் அது தேதி' என்று சேலத்தில் நாலு பேர் சொல்வதுண்டு. அதை அவர் தம்முடைய பெருமையாக வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குச் சொந்தமான நிலம்போல, தமக்குப் பின்னும் இருக்க வேண்டிய ஒன்றாக வைத்திருந்தார்.

ஆறு வருடத்துக்கு முன் குமாரபாளையத்துத் தறிக்காரர் ஒருவர் இதே மேஜைக்கு வந்தார். நூல் அறுந்தால் தறியை நிறுத்துகிற போர்டு மூவாயிரம் வேண்டும், எத்தனை நாளாகும் என்று கேட்டார். பதினைந்து நாள் என்றார் சவரிராயன். அப்போது மெர்லினுக்கு இருபத்தைந்து வயது. படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு தொழிலில் இருந்தாள்.

"அப்பா, இருபத்திரண்டு நாளாவது ஆகுங்க. புரோகிராம் ஏத்தறதுக்கே ஒரு வாரம் போயிரும்" என்றாள்.

தறிக்காரர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, ஒரே ஊட்டுக்குள்ள ரெண்டு கணக்குங்களா?"

அந்தச் சிரிப்பு சவரிராயனுக்கு எங்கே தைக்கக்கூடாதோ அங்கே தைத்தது. "பெரியவங்க வாக்குக் குடுக்கற எடத்துல குறுக்க பேசற பிள்ளைய நான் வளர்க்கல" என்றார், தறிக்காரருக்கும் கேட்கும்படி. மெர்லின் பேனாவை மூடினாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். மறுவாரமே நாமக்கல்லில் வேலைக்குச் சேர்ந்தாள்.

தறிக்காரரின் போர்டுகள் முடிய இருபத்துமூன்று நாள் ஆயிற்று. சவரிராயன் அதை மகளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் பார்த்துக்கொண்டது கல்லறைத் திருநாளில் மட்டும்தான். அதற்கு மூன்று வருடம் முந்தியே அவர் மனைவி சோபியா இறந்திருந்தார். நவம்பர் இரண்டாம் தேதி மாலையில் கல்லறையின் ஒரு பக்கம் அவர் மெழுகுவர்த்தி ஏற்றுவார். மறுபக்கம் மகள் ஏற்றுவாள். "நல்லா இருக்கீங்களாப்பா?" என்பாள். "இருக்கேன்" என்பார். மெழுகு பாதி உருகும்வரை இருவரும் நிற்பார்கள். அவள் கிளம்பிய பிறகு, காற்றில் அவள் பக்கத்து மெழுகுவர்த்தி அணைந்திருந்தால் இவர் தம்முடையதிலிருந்து எடுத்து மறுபடி ஏற்றிவிட்டு வருவார். அப்படி ஆறு நவம்பர் போயிற்று. சட்டென்று வெட்டிக்கொள்ள இரண்டு பேருக்கும் ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. சேர்த்துக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சாக்குத் தேடிப் போகிற வழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

சாக்கு ஏப்ரலில் தானாக வந்தது.

நாமக்கல் கம்பெனி, லாரிகளில் பொருத்துகிற கண்காணிப்புப் பெட்டி செய்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று முதலாளிக்குச் சொல்கிற பெட்டி. அதற்குள்ளே நகக்கண் அளவில் ஒரு சிப். சிப் தயாராகி வருகிறபோது வெறுமையாக வரும். புரோகிராம் ஏற்றுகிற வரையில் அதற்கு ஒன்றும் தெரியாது. மாதம் இருபதாயிரம் சிப்புகளுக்குப் புரோகிராம் ஏற்றி, போர்டில் பொருத்தித் தர உங்களால் முடியுமா, ஒரு சிப்புக்கு என்ன விலை, நாளொன்றுக்கு எத்தனை என்று கேட்டிருந்தார்கள்.

கூடவே நிபந்தனைகள். புரோகிராம் வெளியே போய்விடக் கூடாது என்பதால் ஏற்றும் வேலை தனி அறையில் நடக்க வேண்டும். அறைக்குள் பெயர் பதிந்த ஒரே ஒரு ஆள்தான் இருக்கலாம். காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்தரைக்குச் சீல் வைக்க வேண்டும். ஃபைல் ஒரே ஒரு பட்டறைக்குத்தான் தரப்படும். கடைசி நிபந்தனை: ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்கள் ஃபர்ம்வேர் இன்ஜினீயர் நேரில் வந்து, புது ஃபைலை மெஷினில் ஏற்றி, அன்று முழுவதும் உங்கள் இடத்தில் இருந்து சரிபார்ப்பார்.

கீழே இன்ஜினீயர் பெயர் இருந்தது.

வேறு முதலாளியாக இருந்தால் வாராவாரம் மேற்பார்வைக்கு ஆள் வருவதா என்று முகம் சுளித்திருப்பார். சவரிராயன் அந்த ஒரு வரியை நான்கு தடவை படித்தார். பிறகு சுவர்க் காலண்டரைப் பார்த்தார். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு திங்கட்கிழமை.

மறுநாள் மாடி அறையின் ஜன்னலோரம் கிடந்த பழைய டிரான்ஸ்பார்மர்களை அள்ளச் சொல்லி, அங்கே ஒரு மேஜை போடவைத்தார். சத்தம் போடுகிற மின்விசிறியை மாற்றினார். மலைப்பாதை முக்கில் மெஸ் நடத்துகிற சின்னுசாமியிடம் போய், இனிமேல் திங்கட்கிழமைகளில் மேட்டூர் மீன் கிடைத்தால் ஒரு பங்கு எடுத்துவைக்கச் சொன்னார்.

"திங்கக்கிழம என்னங்க ஐயா விசேசம்?" என்றார் சின்னுசாமி.

"மேற்பார்வைக்கு வர்றாங்க."

"மேற்பார்வைக்கு மீன் கொழம்பா? போன தடவ மீட்டர் பார்க்க வந்த ஆபீசருக்குத் தயிர்சோத்தையே யோசிச்சுக் குடுத்தீங்களே."

"சொன்னதைச் செய்யி" என்று திரும்பிவிட்டார் சவரிராயன். ஆனால் அன்று சைக்கிளை உருட்டாமல் ஏறி மிதித்துக்கொண்டு வந்ததைப் பட்டறைப் பெண்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

கணக்கு எடுத்தது மே மாதம். பட்டறையில் இருந்தது ஒரே ஒரு ஏற்றும் மெஷின், அதில் சிப் வைக்க நான்கு சாக்கெட். நேரம் அளந்து பார்ப்பதற்காக மட்டும் கம்பெனி ஒரு மாதிரி ஃபைல் அனுப்பியிருந்தது. நான்கு சிப்புக்கும் சேர்த்து மெஷின் எழுதிச் சரிபார்த்து முடிக்கத் தொண்ணூறு வினாடி. அதில் ஆள் செய்ய ஒன்றுமில்லை. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கூட்டிக் குறைக்கிற இடம் கைவேலை ஒன்றுதான்: மூடிகளைத் திறந்து, முடிந்த சிப்பை எடுத்துப் பச்சைப் புள்ளி வைத்து டிரேயில் அடுக்கி, புதுச் சிப்பை முனை பார்த்து வைத்து, மூடிப் பொத்தானை அழுத்துவது.

ஜெபஸ்டின் ஒரு நாள் பதினோரு மணிக்கு அந்தோணிமேரி மேஜைக்கு எதிரே ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்தான். பதினோரு மணியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. மே மாதம் மாதாவின் மாதம். சோபியா இருந்த நாளிலிருந்தே மே மாதம் முழுவதும் பதினோரு மணிக்கு எல்லாரும் வேலையை நிறுத்தாமலே சத்தமாக ஜெபமாலை சொல்வது அந்தப் பட்டறையின் வழக்கம். அந்நேரம் போன் அடிக்காது. யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். இடைஞ்சல் இல்லாமல் அளக்கலாம் என்று நினைத்தான். பத்துச் சுற்று அளந்தான். கைவேலை முப்பது வினாடிக்கு மேல் ஒரு தடவையும் போகவில்லை. ஆகச் சுற்றுக்கு இரண்டு நிமிடம். ஒரு நாளில் சாப்பாடு, தேநீர் போக ஏழு மணி நேரம். இருநூற்றுப் பத்துச் சுற்று. எண்ணூற்று நாற்பது சிப். இருபத்துநான்கு வேலை நாளுக்கு இருபதாயிரத்து நூற்று அறுபது.

கேட்டது இருபதாயிரம். சவரிராயன் அந்த எண்ணைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். இப்படி அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு கணக்கு அவர் வாழ்நாளில் வந்ததில்லை. சுற்று ஒவ்வொன்றும் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கம்பெனி கேட்ட தாளில் நர்மதா நிரப்பினாள். கொட்டேஷன் போயிற்று. பத்தே நாளில் பதில் வந்தது: விலை சரி, எண்ணிக்கை சரி, ஜூன் முதல் வியாழன் நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம்.

மே மாதக் கடைசியில் அக்கா மகள் சடங்குக்காக நர்மதா மூன்று நாள் விடுப்பு எடுத்தாள். அவள் வராத முதல் நாள் சவரிராயன் வழக்கம்போல ஜெபமாலையோடு கீழே வந்து, பின்வரிசையில் நின்றார். அந்தோணிமேரி முன்சொல்ல, மற்றவர்கள் பின்சொன்னார்கள். ஜெபமாலையின் மூன்றாம் தேவரகசியம் நடக்கும்போது அந்தோணிமேரி நாற்காலியை விட்டு எழுந்தாள். வாய் ஜெபத்தை விடவில்லை. நடந்துபோய் அலமாரியிலிருந்து புது டிரே எடுத்துவந்தாள். உட்கார்ந்தாள். முடிந்த நான்கு சிப்புக்கும் பச்சைப் புள்ளி வைத்தாள். மை காய ஊதினாள். அதற்குப் பிறகுதான் அடுத்த நான்கை வைத்தாள்.

சவரிராயனின் உதடு நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த சுற்றையும் பார்த்தார், அதற்கடுத்ததையும் பார்த்தார். ஐம்பது வினாடி. ஐம்பதுக்குக் கீழே ஒரு தடவையும் வரவில்லை. அன்று ஜெபமாலையில் எத்தனை மணி உருட்டினோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

நர்மதா திரும்பி வந்ததும் கூப்பிட்டுக் கேட்டார்.

"அம்மிணி, ஜெபமாலை நேரத்துல நீ என்ன பண்ணுவே?"

அவள் பயந்துவிட்டாள். "சும்மா நிக்கறதில்லீங்க ஐயா. எனக்கு உங்க ஜெபம் சொல்லத் தெரியாதில்லீங்களா. எல்லாரும் சாமி கும்படறப்ப நாம பாட்டுக்கு உக்காந்திருக்கறது நல்லாருக்காதுன்னு, டிரே எடுத்துக் குடுக்கறது, புள்ளி வெக்கறது, தண்ணி வெக்கறதுன்னு சுத்தி வருவனுங்க."

"ஜெபஸ்டின் டைம் எடுத்த அன்னிக்கும்?"

"ஆமாங்க. புள்ளி பூராவும் நான் வெச்சதுதானுங்க." பிறகு தயங்கி, "தப்புங்களா?" என்றாள்.

"உன் பேர்ல தப்பில்ல, சாமி. போ."

தப்பு வேறு இடத்தில் இருந்தது. ஜெபம் சொல்லாதவர்கள் சொல்கிறவர்களுக்குக் கைகொடுப்பது அந்தப் பட்டறையில் இத்தனை காலப் பழக்கம். மூச்சுவிடுவதுபோல ஆகிவிட்டதால் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. இரண்டு பேர் செய்த வேலையை ஒருத்தி செய்ததாக எழுதி அனுப்பியிருந்தார்கள். அடைத்த அறைக்குள் நர்மதா இருக்க முடியாது. ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடமல்ல, நூற்று நாற்பது வினாடி. நாளொன்றுக்கு எழுநூற்று இருபது. மாதத்துக்குப் பதினேழாயிரத்துச் சொச்சம்.

மகனைக் கூப்பிட்டுச் சொன்னார். ஜெபஸ்டின் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தான்.

"கூட ரெண்டு மணி நேரம் ஓட்டலாங்களா?"

"அஞ்சரைக்குச் சீல் வெக்கணும்."

"இன்னொரு மெஷின்?"

"கேட்டுட்டேன். கப்பல்ல வரணும். நாலு மாசம்."

"அப்படின்னா ஆர்டரை வாங்கிக்கலாம்ங்கப்பா. மொத ரெண்டு மாசம் அவங்களே முழுசாச் சிப்பு அனுப்ப மாட்டாங்க. அப்புறம் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?" அவன் குரல் தணிந்தது. "அக்கா வருவான்னுதானே நாம..." என்று நிறுத்திக்கொண்டான்.

வேறு சமயமாக இருந்தால் 'எல்லாரும்' என்ற சொல்லுக்கே அவனுக்குச் சரியாகக் கிடைத்திருக்கும். அன்று சவரிராயன் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அந்தோணிமேரியின் கை போகப்போக வேகப்படலாம் என்று நினைத்தார். நாமக்கல்காரர்கள் சிப்பைத் தாமதமாகவே அனுப்பலாம் என்று நினைத்தார். இன்னொருவர் தாமதத்தை நம்பித் தேதி கொடுக்கிறவனை அவர் எத்தனையோ பேர் முன்னால் ஏளனம் செய்ததுண்டு. இப்போது ஒவ்வொரு நாளும் ஜன்னலோர மேஜையைப் பார்த்துக்கொண்டு அதையே நினைத்தார். அவளுக்கு வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது என்று ஒரு திரை வாங்கி மாட்டினார். மகள் முன்னால் அந்தக் காகிதத்தை வைத்து என்ன சொல்வது என்று முடிவுசெய்யாமலேயே வியாழக்கிழமையும் வந்துவிட்டது.

மெர்லின் அறைக்குள் வந்தபோது எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்தார். அவள் நரைக்கத் தொடங்கியிருந்தாள். காதோரம் இரண்டு மூன்று முடி. "நல்லா இருக்கீங்களாப்பா?" என்றாள். "இருக்கேன்" என்றார். கல்லறை இல்லாத இடத்தில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தோணிமேரிதான் அறையைக் கலகலப்பாக்கினாள். "பாப்பா, எளைச்சுப் போயிட்டியே. நாமக்கல்ல இருந்துட்டு ஒரு முட்டையாவது திங்கறியா இல்லியா?"

"முட்ட அத்தனையும் லாரி ஏறிப் போயிருதுங்க, எங்களுக்கு எங்க மிஞ்சுது?" என்றார் அருணகிரி. நல்ல சிரிப்புக்காரர். வெள்ளரிப்பிஞ்சு போல வளைந்த மீசை. "ஐயா, சேலத்துல நாலு எடம் பாத்தமுங்க. உங்க பேரச் சொன்னா எதிராளிகளே நல்ல விதமாத்தான் சொல்றாங்க. அது போதுமுங்க எனக்கு. எம்மா மெர்லின், அந்தத் தாளப் பாத்துட்டீன்னா கையெழுத்துப் போட்டுட்டு மெஷினப் போய்ப் பாக்கலாம்."

மெர்லின் தாளை விரித்தாள். முதல் பக்கம், விலை. தலையாட்டினாள். இரண்டாம் பக்கம், அளந்த சுற்றுகள். அவள் விரல் வரிசையாக இறங்கியது. பதினொன்று நான்கு. பதினொன்று ஆறு. பதினொன்று எட்டு. விரல் அங்கேயே நின்றது. பிறகு மேலே ஏறித் தேதியைத் தொட்டது. மே மாதம்.

அவள் நிமிர்ந்து நர்மதாவைப் பார்த்தாள். இவளை இதற்கு முன் பார்த்ததில்லை. நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தாள். அடுத்து அந்தோணிமேரியைப் பார்த்தாள். அந்தோணிமேரி முந்தானை நுனியை மடிக்க ஆரம்பித்தாள்.

சவரிராயன் மகளின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறைகளில் மாதாவின் மாதம் முழுவதும் இந்தப் பட்டறையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லி வளர்ந்தவள். அந்நேரம் யார் டிரே தூக்குவார்கள் என்பதை அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னம்மா?" என்றார் அருணகிரி. "எண்ணூத்தி நாப்பது, இருவத்திநாலு நாளு. கச்சிதமா இருக்குது. சந்தேகமா?"

"ஒரு நிமிஷம்ங்க சார்" என்றாள் மெர்லின். பேனா மூடியைத் திறந்தாள். எழுதவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் சவரிராயனுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் வாய் திறக்காவிட்டால் மகள் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். அந்நியர் முன்னால் அப்பனின் கணக்கை இன்னொரு தடவை தப்பு என்று சொல்ல வேண்டும். அல்லது அப்பனுக்காகப் பொய்யின் கீழே தன் பெயரை எழுத வேண்டும். ஆறு வருடம் முன்பு முதலாவதைச் செய்ததற்கு அவளுக்குக் கிடைத்தது என்ன என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் பேனா நிற்கிறது. ஜன்னலோரத்தில் மேஜை இருந்தது. திரை காற்றில் லேசாக ஆடியது. ஐம்பத்திரண்டு திங்கட்கிழமையையும் அவர் ஒரு முறை மனதுக்குள் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அருணகிரி சார்," என்றார். "அந்த எண்ணு தப்புங்க."

ஜெபஸ்டின் தலை குனிந்துகொண்டான்.

"எண்ணூத்தி நாப்பது வராது. எழுநூத்தி இருபதுதான் வரும். நாங்க டைம் எடுத்தது ஜெபமாலை நேரத்துல. இந்தப் பிள்ளை நர்மதா பக்கத்துல நின்னு கைகுடுத்திருக்குது. அதை நாங்க கவனிக்கல. உங்க கண்டிஷன்படி ஒரு ஆளுன்னா சுத்துக்கு இருபது வினாடி கூட ஆகும். நானே நின்னு பார்த்தேன். மாசத்துக்குப் பதினேழாயிரத்து இருநூத்தி எண்பது. அதுக்கு மேல என்னால வாக்குக் குடுக்க முடியாது."

அருணகிரியின் சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஏனுங்க ஐயா, நீங்க அனுப்புன கணக்க நீங்களே தப்புங்கறீங்க?"

"யாரு போட்டாலும் தப்பு தப்புதானுங்க."

மெர்லின் தலை நிமிர்ந்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.

"சொல்லாம வுட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்களே" என்றார் அருணகிரி, உண்மையான வியப்போடு.

"ஆகஸ்ட்ல தெரிஞ்சிருக்கும். அப்ப உங்க லாரிப் பெட்டி நின்னிருக்கும்."

அருணகிரி மீசையைத் தடவினார். பதினேழாயிரத்தைப் பெருக்கிப் பார்த்தார், விலையைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வேறு வழி உண்டா என்றார். விலைப் பேச்சே இல்லை, அதே விலைக்கு இருபதாயிரத்தைச் செய்ய ஆசைதான், கையும் மெஷினும்தான் இல்லை என்றார் சவரிராயன். அக்டோபர் வரை பொறுப்பீர்களா என்று கேட்டார். கேட்டுவிட்டு மேஜையில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"பொறுக்க எனக்கு ஆசதானுங்க. ஜூலைல இருந்து பெட்டி போயாகோணும். ஃபைல ரெண்டு எடத்துல குடுக்க எங்க மொதலாளி ஒத்துக்க மாட்டாரு. ஓசூர்ல ஒரு எடம் பாத்து வெச்சிருக்கறோம். ரெண்டு மெஷின் இருக்குது. அங்கதான் போகுமுங்க." அவர் எழுந்து கையைக் குவித்தார். "ஆனா ஐயா, உங்கள மறக்க மாட்டனுங்க. வாரேன்."

போன் அடித்தது. பேசிக்கொண்டே படி இறங்கிப் போனார். ஜெபஸ்டின் வழியனுப்பக் கூடப் போனான். அந்தோணிமேரி நர்மதாவின் கையைப் பிடித்து, "வா, டிரேயெல்லாம் அப்படியே கெடக்குது" என்று இழுத்துக்கொண்டு போனாள். ஒரு டிரேயும் எங்கும் கிடக்கவில்லை.

அறையில் அப்பாவும் மகளும் நின்றார்கள். மெர்லின் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஜன்னலோரம் போனாள். புது மேஜையை, திரையை, விசிறியைப் பார்த்தாள். நாற்காலியின் முதுகில் கையை வைத்தாள்; உட்காரவில்லை.

"டைமைப் பார்த்ததும் தெரிஞ்சுதுங்கப்பா" என்றாள். "நானாச் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"சொல்லியிருந்தா தப்பில்ல."

அவள் அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் தப்பில்ல" என்றார் சவரிராயன்.

இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் ஏதோ நடக்கும் என்று அவர் ஆறு வருடம் பயந்திருந்தார், ஆசைப்பட்டும் இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கீழே சாலிடர் வேலையின் புகைவிசிறி ஓடிக்கொண்டிருந்தது. மலையிறங்கி வந்த பஸ் ஒன்று வளைவில் ஹாரன் அடித்தது. மெர்லின் நாற்காலியை மேஜைக்குள் மெதுவாகத் தள்ளிச் சரிசெய்தாள்.

"சாப்புட்டுட்டுப் போகலாமே" என்றார்.

"ஓசூர் இன்னிக்கே போகணும்ங்கப்பா. சாயந்தரத்துக்குள்ள பார்த்தாகணும்."

"சரி. மேட்டுல வண்டி பார்த்துத் திருப்பச் சொல்லு."

"சரிங்கப்பா."

படியில் பாதி இறங்கியதும் அவள் நின்றாள். திரும்பி ஏதோ சொல்லப்போவதுபோல இருந்தது. கீழே அருணகிரி வண்டியின் கதவைத் திறந்து காத்திருந்தார். "நவம்பர்ல பார்க்கலாம்ங்கப்பா" என்றாள். அவர் தலையசைத்தார். நவம்பருக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்பதை இருவரில் யாரும் சொல்லவில்லை.

வண்டி சாலையில் ஏறிச் சேலத்துப் பக்கம் திரும்பி, சோளக்காட்டு மறைப்புக்குள் போகும்வரை சவரிராயன் ஜன்னலில் நின்றார். அன்று மத்தியானமே இரண்டாவது மெஷினுக்கு எழுதிப் போட்டார். இதைச் செய்வதால் ஓசூர் போன வேலை திரும்பி வராது என்று ஜெபஸ்டின் சொன்னான். தெரியும் என்றார். திங்கட்கிழமைகளில் அவர் இப்போது மேலே உட்காருவதில்லை. கீழே, அந்தோணிமேரியின் மேஜைக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறார்.

பங்கில் ஒரு பேச்சு உலவுகிறது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே நிற்கும்போது அதை இரண்டு மூன்று பேர் வாயில் கேட்கலாம்: சவரிராயனுக்கு வந்த பெரிய ஆர்டரை அவர் பெற்ற மகளே வந்து கெடுத்தாளாம், எல்லார் முன்னாலும் அப்பன் கணக்கில் குற்றம் கண்டுபிடித்து, ஆறு வருடக் கோபத்தைத் தீர்த்துக்கொண்டு போனாளாம்.

அப்படி நடக்கவில்லை. அன்று மெர்லின் அந்தக் கணக்கில் ஒரு குறையும் சொல்லவில்லை. எண்ணைத் திருத்தியவர் சவரிராயன்.